அதே கடல், பாதி விலை

1.

இந்தக் கதை எனக்குப் பாதிதான் கிடைத்தது. தொலைபேசியின் இந்தப் பக்கப் பாதி. மறுபாதியை நானே கட்டிக்கொண்டேன். எங்கெங்கே ஒட்டுப் போட்டிருக்கிறேன் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாற்றிவிட்டாய் என்று சண்டைக்கு வராதீர்கள்.

மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுக்கும் ஒரு சலவை நிறுவனத்தில் எனக்கு வேலை. வேன்களுக்கு வழி சொல்லும் அறை. அடுத்த மேசைக்காரி என்னைவிட நிறைய மூத்தவள். ஓட்டுநர்களும் நானும் மேடம் என்போம். ஒருநாள் மாலை சொந்தக் கைபேசியில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பேக்கரி தெரியுதா? நீலக் கதவு. அதுக்கு எதிர்லதான் ரோடு ரெண்டா பிரியும்."

யாரோ புது ஓட்டுநர் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த பேக்கரி ஐரோப்பாவின் ஓரத்தில், அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு சின்ன நாட்டில், ஒரு தீவில் இருக்கிறது என்பது அடுத்த கணம்தான் உறைத்தது. அவள் அங்கே காலெடுத்து வைத்ததே இல்லை என்பதும்.

நான் போகும் கதை எழுதும் மாலை வகுப்பின் ஆசிரியர், "உங்க டைரியை விட்டு வெளிய வந்து வேற யாரையாவது எழுதுங்க" என்று சொல்லியிருந்தார். வந்துவிட்டேன். வந்தது சரியா என்று தெரியவில்லை.

2.

தொடக்கங்கள்:

"கடல் அவளை அழைத்துக்கொண்டே—"

(கடலுக்கு வேறு வேலை இல்லையா? அடித்துவிட்டேன்.)

"சிறுவயதிலிருந்தே பயணம் என்றால் அவளுக்கு—"

(பொய். அவளுக்கு அப்படி எந்தக் கனவும் கிடையாது. ஒரு வேலையைக் கச்சிதமாகச் செய்யப் பிடிக்கும், அவ்வளவுதான்.)

"அத்தான்தான் ஆரம்பித்து வைத்தார்."

இது நிற்கும் போலிருக்கிறது.

3.

அத்தான்தான் ஆரம்பித்து வைத்தார். அவள் அக்காவின் கணவர். அவரோடு வேலை பார்க்கும் ஒருவர் குடும்பத்தோடு ஐரோப்பாவில் எல்லோரும் போகும் ஒரு கடற்கரைக்குப் போய்விட்டு வந்து படம் காட்டியதிலிருந்து அத்தானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. செலவு என்ன ஆகும் என்று பார்த்ததும் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். அப்போது அவள், பக்கத்திலேயே ஒரு குட்டி நாடு இருப்பதாகவும் அங்கே யாரும் அவ்வளவாகப் போவதில்லை என்றும் சொன்னாள்.

"அதே கடல். பாதி விலை."

அப்படி ஒரு நாடு உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை இவளே உண்டாக்கினாளா என்று தம்பி கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அன்றிலிருந்து பொறுப்பு அவளுடையது. அத்தான் அவளுக்கு 'அட்டவணை' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்.

கூட்டம் வடிந்து விடுதிக் கட்டணம் இறங்கிவரும் பருவம் எது என்று பார்த்தாள். அந்த நாட்டுக்கு நேராகப் பறக்காமல் பக்கத்து நாட்டில் இறங்கி, எல்லை தாண்டும் பேருந்தைப் பிடித்தால் டிக்கெட் எவ்வளவு குறையும் என்று பார்த்தாள். விடுதிக்குப் பதிலாக, சமையலறையோடு ஒரு வீட்டின் மாடியைப் பிடித்தாள், நான்கு படுக்கை. அக்கா, அத்தான், தம்பி, அவள்.

போய்வந்தவர்கள் எழுதிய பாராட்டுகளை அவள் படிக்கவே மாட்டாள். புலம்பல்களைத்தான் தேடிப் படிப்பாள். "புலம்பறவங்கதான் எங்க வழி தப்பினாங்கன்னு சொல்வாங்க" என்று என்னிடம் ஒருமுறை விளக்கினாள். ஒருநாள் போய்த் திரும்ப அவள் குறித்திருந்த தீவில் படகுத்துறையை இடம் மாற்றிவிட்டார்கள், ஆனால் வழிகாட்டிப் பலகை இன்னும் பழைய துறையைத்தான் காட்டுகிறது என்பது அப்படி ஒரு புலம்பலில் கிடைத்ததுதான். பலகையை நம்பி இறங்கினால் ஆளில்லாத பாறைக்கரை. திரும்ப ஏறி வருவதற்குள் கடைசிப் படகு போய்விடும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தெருக்களைத் திரையில் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்ப்பாள். ஒரு கையில் ஸ்பூன். ஒரு வீட்டு வாசலில் தூங்கும் நாயைக்கூட எனக்குக் காட்டியிருக்கிறாள்.

4.

கிளம்பச் சில வாரங்கள் இருக்கும்போது அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டு. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண் ஏற்பாடாகிவிட்டாள். இரவுக்கு?

"யாரும் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை." இந்த வாக்கியத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்துவிட்டு முதலில் எழுதியதையே வைத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, அவளே சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். அக்கா, வேண்டுமானால் தான் இருந்துவிடுவதாக ஒரு பேச்சுக்குச் சொன்னாள். அத்தான் ஜன்னல் பக்கம் பார்த்தார். தம்பி கைபேசியைப் பார்த்தான்.

கடைசியில் அக்காதான் வாயைத் திறந்தாள். "உனக்கென்னடி, தனி ஆள். நினைச்சா நாளைக்கே கிளம்பலாம். நாங்க அப்படியா?"

அவள் சரி என்றாள்.

காலியான படுக்கைக்கு அத்தானின் தங்கை வருவதாக முடிவானது. டிக்கெட்டில் பெயர் மாற்ற வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று வேறு யாருக்கும் தெரியாது. அவளே உட்கார்ந்து தன் பெயரை அழித்து, அந்தப் பெண்ணின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் ஏற்றினாள்.

(அக்காவை நான் ரொம்பக் கெட்டவளாக்குகிறேனோ? அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் பார்த்துக்கொண்டது அக்காதான். மேடமே ஒருநாள் சொன்னது. இதைச் சேர்த்தால் கதையின் கோபம் நீர்த்துப் போகிறது. விட்டால் கதை பொய்யாகிறது. சேர்த்திருக்கிறேன். இனி உங்கள் பாடு.)

5.

இந்தப் பகுதி முழுக்க ஒட்டு.

அவர்கள் போய்விட்டார்கள். ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா முன்பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"பிளேன்ல ஏற அவ்வளவு பயமாம்மா உனக்கு?"

"யார் சொன்னா?"

"அக்காதான். அந்தப் பொண்ணையே ராத்திரியும் இருக்கச் சொல்லிடு, அவளும் போயிட்டு வரட்டும்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அதுக்கு அவ, 'அவளுக்கே மனசில்லம்மா, பயப்படறா, வெளிய சொல்லக் கூச்சம்'னா. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல நீ."

சீப்பு நின்றது. பிறகு ஓடியது.

"ஆமாம்மா. கொஞ்சம் பயம்தான்."

* இது நடந்ததா? தெரியாது. அன்று அலுவலகத்துக்கு வந்தவள், கைப்பையை வைத்துவிட்டு என்னிடம், "எனக்கு பிளேன்னா பயமாம். உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுச் சிரித்தாள். நான் கேட்டது அந்த ஒரு வரிதான். சீப்பு, கேள்வி, அம்மாவின் முதுகு எல்லாம் அதிலிருந்து நான் இழுத்தது. அக்கா அப்படிச் சொல்லியே இருக்கமாட்டாள் என்றும் சில நாள் தோன்றுகிறது. அந்த நாட்களில் நான் எழுதுவதில்லை.

6.

அன்று மாலைதான் நான் முதலில் சொன்ன அந்த அழைப்பு.

நான்கு பேரும் தீவில், நீலக் கதவுக்கு எதிரே நிற்கிறார்கள். அங்கே பிற்பகல்தான், ஆனால் கூட்டமில்லாத பருவத்துக் கடைசிப் படகு கிளம்பப் போகிறது. வழி பார்க்கத் தம்பி கையிலேயே கைபேசி இருக்கிறது. ஆனாலும் அவளைக் கேட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவாள் என்று அவனே சொன்னானாம். (ஒட்டு. ஆனால் தம்பிகளை எனக்குத் தெரியும்.) பலகை இடது பக்கம் காட்டுகிறது, அப்படியே போகட்டுமா என்று அக்கா கேட்கிறாள்.

அவர்களைத் தவிக்கவிட அவள் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பலகை காட்டுகிற பக்கம் போங்கள் என்றால் போதும்.

"ஒரு நிமிஷம் இரு" என்றாள். என் காதால் கேட்டேன். திரையைப் பார்க்கவில்லை. அவளுக்குத் திரை தேவையில்லை. தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஓட்டுநர் என்னை அழைத்தார். மருத்துவமனையின் பின்வாசலைப் பூட்டிவிட்டார்களாம். நான் அவருக்கு வழி சொல்லிவிட்டுத் திரும்பியபோது அவள் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

7.

முடிவுகள்:

அ. சரியான வழியைச் சொல்கிறாள். படகைப் பிடிக்கிறார்கள். படகிலிருந்து நான்கு பேர் சிரிக்கும் படம் ஒன்று வருகிறது. கீழே ஒரு வார்த்தை இல்லை.

ஆ. பலகைப்படி போகச் சொல்கிறாள். பாறைக்கரையில் மாட்டிக்கொள்கிறார்கள். அப்புறம்? அப்புறம் மறுபடி அவளைத்தான் கூப்பிடுவார்கள். தீவில் இரவு தங்க மலிவான அறையை அவள்தான் தேட வேண்டும். பழிவாங்கினாலும் வேலை அவள் தலையில்தான்.

இ. பதில் சொல்லாமல் வைத்துவிடுகிறாள். அவர்கள் பேக்கரிக்காரியைக் கேட்கிறார்கள். அவள் கையை நீட்டிக் காட்டுகிறாள். படகில் ஏறுகிறார்கள். இவள் தேவையே இல்லை. (எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். ஆனால் மறக்க முடியவில்லை.)

8.

அடுத்த வாரம் அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்களா என்று மேடத்தைக் கேட்டேன். "வந்துட்டாங்க" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

எழுதுகிறவர்தான் முடிவெடுக்க வேண்டும், இது தப்பித்தல் என்று ஆசிரியர் ஓரத்தில் குறித்துக் கொடுத்தார். இருக்கலாம். ஆனால் அவள் எதற்குப் பயப்படுகிறாள், யாருக்காக வீட்டில் இருப்பாள், எப்போது கிளம்பலாம் என்று எல்லாவற்றையும் மற்றவர்களே முடிவெடுத்தாயிற்று. அந்த வரிசையின் கடைசியில் நானும் போய் நிற்கவில்லை.

உங்களுக்கு முடிவு வேண்டும் என்றால், அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்காதீர்கள். கைபேசியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். யோசிக்க நேரமில்லை, அங்கே படகின் எஞ்சினை முடுக்கிவிட்டார்கள். மறுமுனையில் இருப்பது உங்களைக் கேட்காமல் உங்களுக்காகப் பேசியவள். உங்கள் அப்பாவைப் பார்த்துக்கொண்டவளும் அவள்தான்.

"ஏய், லைன்ல இருக்கியா? எல்லாரும் நிக்கறோம்டி. எந்தப் பக்கம்?"