நாடாவை அழித்தவள்

ரப்பரில் செய்த பன்றி முகமூடி ஒன்று ஜன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கமாக ஒட்டப்பட்டிருந்தது. அதன் முகம் அறையைப் பார்த்திருந்தது. வெளியே புல்வெளியில் நடக்கிறவர்களுக்கு வெறும் ரப்பர் முதுகுதான் தெரியும். ஜன்னலை ஒட்டிய கட்டிலில் கிடக்கிற ஒருவர் மட்டும் பார்த்தால் போதும் என்று யோசித்து ஒட்டியிருக்கிறார்கள்.

நார்பர்ட் டெல்விச் அதைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்தார். இடப்பக்கம் பக்கவாதம் வந்தபின் அவரால் தானாகத் திரும்பிப் படுக்க முடியாது. யாராவது வந்து புரட்டிவிட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே மரக்கிளையில் தொங்கும் தீனிக்கூண்டுக்கு வரும் குருவிகளைப் பார்க்கட்டும் என்று தினமும் காலையில் அவரை அந்தப் பக்கமாகச் சாய்த்துவிட்டுப் போவார்கள். இன்றைக்கும் அப்படித்தான் செய்திருந்தார்கள். குருவிகள் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தன, பன்றியின் காதுக்குப் பின்னால்.

கழுத்தில் நற்கருணைச் சிமிழைத் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே வந்த ஆர்லீன் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணனுக்கு நற்கருணை கொடுக்க வருவது அவள் வழக்கம். எழுபதைத் தாண்டியும் சாலையைக் கடந்து நடந்தே வருவாள்.

"எப்பயிருந்து இருக்கு இது?"

போர்வை மடித்துக்கொண்டிருந்த ரோஷெல் நிமிர்ந்து பார்த்தாள். முதியோர் இல்லத்தில் அவளுக்கு இது இரண்டாவது வருஷம். "நான் காலையில வந்தப்பவே இருந்துச்சு ஆர்லீன்மா. ஏதோ பசங்க விளையாட்டுன்னு... தோட்டக்காரர் வந்து எடுத்துடுவார்னு விட்டுட்டேன்."

"திரையையாவது இழுத்து விட்டிருக்கலாம்ல?"

"தாத்தாவுக்குக் குருவி பாக்கப் பிடிக்குமேன்னு..." சொல்லும்போதே அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. போர்வையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் திரையை இழுத்தாள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்! ஆர்லீன் சிமிழைத் திறந்தாள். இவ்வளவு ஆத்திரத்தோடு ஆண்டவரைத் தொடலாமா என்று ஒரு கணம் தயங்கி, பிறகு, இந்தக் கோபத்தையும் அவர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார் என்று தேற்றிக்கொண்டு, அப்பத்தின் சிறு துண்டை அண்ணனின் நாக்கில் வைத்தாள். அவர் வலது கையைத் தூக்கிச் சிலுவை போட்டார். அந்தக் கையில் மூன்றே விரல்கள். பத்தொன்பது வயதில் சோளம் பறிக்கும் இயந்திரம் சுண்டுவிரலையும் அதற்கு அடுத்ததையும் தின்றுவிட்டது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கை அது.

வெளியே போய் முகமூடியைப் பிய்த்து எடுத்தாள். பசை கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. காதுகளும் மூக்கும் இருந்த இடங்களில் வெள்ளைத் திட்டுகள் அப்படியே நின்றன.

இணையத்தில் படம் போடுகிற டெரிக் ஹாஸ்லரின் வேலை என்று இதைச் சொல்ல முடியாது. அவன் மில்வாக்கி நகரத்தில் இருக்கிறான். இதற்காகப் பசை டப்பாவோடு வரப் போவதில்லை. ஆனால் அவன் இல்லாமல் இது நடந்திருக்காது.

எல்லாம் தொடங்கியது முப்பது வருஷங்களுக்கு முந்திய ஒரு குளிர்கால ஞாயிற்றில். வீட்டை விட்டு வெளியே வர முடியாத நோயாளிகளுக்காக உள்ளூர்த் தொலைக்காட்சி வாராவாரம் காலையில் திருப்பலிப் பூசையை ஒளிபரப்பும். ஏரிக்கரை மேட்டுக்குப் பின்னால் இருந்த வீடுகளில் படம் சரியாக விழாது. அதனால் ஆர்லீன் தன் வீட்டில் அதை வீடியோ நாடாவில் பதிவாள். நாடாவையும் பதிவுப் பெட்டியையும் துணிக்கூடையில் வைத்துக்கொண்டு பனியில் வண்டியோட்டிப் போய், வீடு வீடாகப் போட்டுக் காட்டுவாள். இருந்தது ஒரே நாடா. போன வாரத்துத் திருப்பலிமேல் இந்த வாரத்துத் திருப்பலி ஏறும். அதை ஒரு குறையாக அவளும் நினைத்ததில்லை, பார்த்தவர்களும் நினைத்ததில்லை.

அன்றைக்குச் சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்த நேரத்தில் படம் குலுங்கிக் கறுத்தது. மறுபடி வெளிச்சம் வந்தபோது பன்றி முகமூடி போட்ட ஒருவன் திரையில் உட்கார்ந்திருந்தான். கடை ரொட்டித் துண்டு ஒன்றை இரண்டு கையாலும் தலைக்குமேலே தூக்கிப் பிடித்தான். சிரித்தான். பிறகு அதைப் பிய்த்து முகமூடியின் வாய்க்குள் திணித்தான். கையுறை கிடையாது. பத்து விரல்களும் கொழுகொழுவென்று தெரிந்தன. ஒரு நிமிஷம்கூட இருக்காது, மறுபடியும் பலிபீடம் வந்துவிட்டது. நிலையத்திலிருந்து ஒளிபரப்புக் கோபுரத்துக்குப் போகும் அலையை, அதைவிட வலுவான அலையொன்றால் எவனோ நடுவழியில் அமுக்கியிருக்கிறான் என்று பின்னால் சொன்னார்கள். எவன் என்பதை இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. நிலையத்தில் இருந்த பதிவை விசாரணைக்கு வந்தவர்கள் கொண்டுபோனார்கள். அது எந்த அலமாரியில் செத்ததோ, திரும்பி வரவேயில்லை. அந்த நேரத்தில் கோபுரத்தடியில் தனியாக வேலையில் இருந்தவர் நார்பர்ட். குற்றம் என்று எதுவும் சாட்டவில்லை. வேலையை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஊர் அவரைச் சந்தேகிக்கவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. முடியாதவர்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கூலி வாங்காமல் பழுது பார்த்துக் கொடுத்தபடி வயதாகிப்போனார்.

இந்த வசந்தத்தில்தான் டெரிக் வந்தான். துப்புத் துலங்காத பழைய மர்மங்களைப் பற்றி இணையத்தில் படம் போடுகிறவன். லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். முதல் படத்திலேயே நார்பர்ட்டின் பெயரைச் சொன்னான். ஆர்லீன் அவனுக்குத் தொலைபேசி செய்தாள். உடனே கிளம்பி வந்தான். மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் சமையலறையில் உட்கார்ந்தான். ஆப்பிள் பணியாரத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவள் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பத்து விரலைச் சொன்னாள். அந்தக் கண்றாவி தன் நாடாவில் பதிந்ததையும், அதைத் தானே அழித்ததையும், ஏன் அழித்தாள் என்பதையும் சொன்னாள். உண்மையைச் சொன்னால் போதும் என்று நம்பி வளர்ந்தவள்.

போன வாரம் அவன் போட்ட இரண்டாவது படத்தில் அவள் முகம் வந்தது. "நான்தான் அழிச்சேன். ஆமா, தெரிஞ்சுதான் அழிச்சேன்." அவ்வளவுதான். அதற்குப்பின் திரை கறுத்து, அச்சுறுத்தும் ஓர் இசை. அண்ணனைக் காப்பாற்றச் சாட்சியத்தை அழித்த தங்கை என்றது அவன் குரல். கீழே கருத்துகளில் ஆயிரக்கணக்கானவர்கள் சிரித்திருந்தார்கள், காறித் துப்பியிருந்தார்கள். முதியோர் இல்லத்தின் முகவரியையும் எவனோ போட்டிருந்தான்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. அழிக்காமல் விட்டிருந்தால்? அந்த நாடா இன்றைக்கு இருந்திருந்தால் அண்ணன் பெயர் அதிலேயே துலங்கியிருக்குமே. அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே பொருளைத் தன் கையாலேயே துடைத்துவிட்டோமே என்ற எண்ணம் நெஞ்சில் முள்ளாக நின்றது. அவர் கண்மூடுவதற்குள் அந்தப் பெயர் கழுவப்பட வேண்டும். அவளுக்கு இனி வேறு ஆசை கிடையாது.

முகமூடியைச் சுருட்டித் துணிப்பையில் போட்டுக்கொண்டு, சாலையைக் கடந்து கோயில் வளாகத்துக்கு வந்தாள். அன்றைக்குப் பங்கின் கோடைவிருந்து. பெரிய இரும்புக் கொப்பரைகளில் விடியலுக்கு முன்பிருந்தே பூயா கொதித்துக்கொண்டிருந்தது. கோழியும் மாட்டிறைச்சியும் காய்கறிகளும் கரைந்து ஒன்றாகும் அந்தக் குழம்பைக் கிளாரன்ஸ் ஜாடின் படகுத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தார். பெல்ஜியத்திலிருந்து வந்த தாத்தாக்கள் காலத்திலிருந்து ஒரு விதி: கொப்பரை முன்னால் வந்து நிற்கிற யாருக்கும் இல்லை என்று சொல்லக் கூடாது.

"என்ன ஆர்லீன், என் பூயாவை விட உன் மூஞ்சி கொதிக்குது?" என்றார் கிளாரன்ஸ். "அண்ணன் எப்படி இருக்கான்?"

அவள் சமையல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அகப்பையைக் கையில் எடுத்தாள். வரிசையில் ஏழெட்டுப் பேருக்குப் பின்னால் டெரிக் நின்றிருந்தான். தோளில் கேமரா. மூன்றாவது படத்துக்காகக் கோயிலை எடுக்க வந்திருப்பான். வரிசை நகர்ந்தது. அவன் கிண்ணத்தோடு அவள் முன்னால் வந்தான்.

"நல்லா இருக்கீங்களாம்மா?"

ஆர்லீன் பையிலிருந்து முகமூடியை எடுத்து மேசைமேல் போட்டாள். ரொட்டிக் கூடைகளுக்கு நடுவே அது மல்லாந்து விழுந்தது.

"இது எங்க அண்ணன் ஜன்னல்ல இருந்துச்சு. அவரால திரும்பிக்கூடப் படுக்க முடியாது, தெரியுமா உனக்கு?"

அவன் முகம் வெளிறியது. "நான் ஒட்டலைம்மா. யாரையும் ஒட்டச் சொல்லவும் இல்ல."

"கூரையில நெருப்ப வச்சுட்டு, வீட்ட எரிச்சது காத்துதான்னு சொல்றியா?"

"நான் கேள்விதாம்மா கேட்டேன். முடிவ பாக்கறவங்க எடுக்கறாங்க."

கிளாரன்ஸ் துடுப்பை நிறுத்தினார். "இங்க பாரு தம்பி. அன்னைக்குக் கால ஒடிச்சுக்கிட்டு வீட்டுல கெடந்தேன். எங்க வீட்டுப் பொட்டியில நானும் பாத்தேன். பத்து வெரலும் இருந்துச்சு. நார்பர்ட்டுக்கு எட்டுதான். இத எண்ணறதுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேணாம்."

"எங்க மாமியாரும் பாத்தாங்க," என்றது வரிசையில் ஒரு பெண்குரல். "சாகற வரைக்கும் அந்தக் கையச் சொல்லிச் சொல்லித் திட்டுவாங்க."

டெரிக் எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். குரலைத் தணித்து, பொறுமையாகவே சொன்னான். "நீங்க எல்லாரும் ஒரே கோயில்காரங்க. முப்பது வருஷ ஞாபகம். படம் இருந்தா வேற பேச்சு. இருந்த ஒரே படத்தையும் நீங்களே அழிச்சுட்டீங்க. என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க?"

அந்தப் பொறுமைதான் ஆர்லீனுக்குத் தாங்கவில்லை. கண் தெரிந்த மனிதர்கள் இத்தனை பேர் நிற்கிறார்கள். இவர்கள் வாய்ச்சொல் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு சாண் நாடாவுக்கு ஈடாகாதா? அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஏன் அழிச்சேன்னு உன்கிட்ட சொன்னேனா இல்லையா?"

அவன் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தான்.

"சொல்லு. என் சமையக்கட்டுல உக்காந்து பணியாரம் தின்னுக்கிட்டே கேட்டேல்ல. இவங்களுக்கும் சொல்லு."

"ஹார்டென்ஸ்னு ஒரு அம்மா..." என்று இழுத்தான்.

"ஹார்டென்ஸ் போதுவாங். நுரையீரல் முழுக்கத் தண்ணி. அந்த வாரம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆர்லீன், ஒரு பூசை பாத்துட்டுப் போயிடறேன்னு கேட்டா. சாகப் போறவ கண்ணுல பன்னி மூஞ்சியவா காட்டச் சொல்ற? அன்னைக்கு மத்தியானம் பூசைய மறுபடி போட்டாங்க. எங்கிட்ட இருந்தது ஒத்த நாடா. அதுமேலயே பதிஞ்சு எடுத்துட்டுப் போனேன். அவ உதடு கூடவே செபம் சொல்லுச்சு. மூணாம் நாள் போயிட்டா." குரல் உடைந்தது. அவள் அதை உடையவிட்டாள். "இத அப்படியே உன் கேமராவப் பாத்துச் சொன்னேன். அது எங்கப்பா உன் படத்துல?"

வரிசையில் நின்றவர்கள் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"நான் சாகப் போற ஒருத்திக்காக அழிச்சேன்," என்றாள் ஆர்லீன். "நீ யாருக்காக அழிச்ச?"

தோளிலிருந்த கேமராவின் பட்டையை டெரிக்கின் ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் கிண்ணம் காலியாக நீண்டபடியே இருந்தது. அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை போலிருந்தது.

ஆர்லீனுக்கு அவனை அறைய வேண்டும் என்றுதான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, நிஜமாகவே இருந்தது. ஆனால் அவன் நிற்பது கொப்பரை முன்னால். அவள் அகப்பையை எடுத்தாள். இறைச்சி தங்கும் அடிப்பக்கமாக விட்டுக் கிளறி, அவன் கிண்ணத்தை நிறைத்தாள். ஒரு ரொட்டியையும் ஓரத்தில் செருகினாள்.

"ஆறிடும். சாப்பிடு."

பிறகு ஏப்ரனை அவிழ்த்துக் கிளாரன்ஸின் மனைவியிடம் கொடுத்தாள். பாத்திரம் கழுவ வைத்திருந்த வெந்நீரில் ஒரு வாளி மொண்டுகொண்டு சாலையைக் கடந்தாள். வழியெல்லாம் தண்ணீர் தளும்பிக் காலணியை நனைத்தது.

ரோஷெல் எதிரே ஓடிவந்து, ஒன்றும் கேட்காமல் வாளியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இருவருமாகக் கொண்டுபோய் ஜன்னலடியில் வைத்தார்கள். ரோஷெல் உள்ளே போய்த் திரையை விலக்கினாள். ஆர்லீன் துணியை நனைத்துப் பசையைத் தேய்க்கத் தொடங்கினாள். முதலில் ஒரு காது போனது. மூக்கு லேசில் வரவில்லை. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது.

பின்னால் புல்வெளியில் யாரோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நனைந்த கண்ணாடியில் டெரிக்கின் உருவம் மங்கலாக விழுந்தது. ஒரு கையில் ஆவி பறக்கும் கிண்ணம், தோளில் கேமரா. அதில் படம் பதிவாகும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து நார்பர்ட் வலது கையை மெல்லத் தூக்கினார். மூன்று விரல்களையும் விரித்து, பசை இன்னும் மிச்சமிருந்த இடத்தில் கண்ணாடிமேல் வைத்தார். ஆர்லீன் அந்த விரல்களைச் சுற்றித் துடைத்துக்கொண்டே போனாள். தீனிக்கூண்டுக்கு ஒரு குருவி வந்து உட்கார்ந்தது.