டிஃபரன்ஷியலைத் திறந்தது யார்?

1

இந்தக் கதை எனக்கு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1996-இல் முகப்பேர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் என் மேல்வீட்டுக்காரர் லோகநாதன். பாடியில் பழைய மோட்டார் சாமான் கடை வைத்திருந்தார். எதை விற்றாலும் பிரித்துப்போட்டு, தேய்மானம் இவ்வளவு என்று காட்டிவிட்டுத்தான் விற்பார் என்று ஊரில் பெயர். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்டேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பந்தயக் காரின் டிஃபரன்ஷியலை விற்ற கதையைச் சொன்னார். நல்ல கதை. அதில் அவர் மனைவி வசந்தகுமாரி இல்லவே இல்லை.

அந்த அம்மாள் காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "போல்ட்டு கதைய சொல்லலியா?"

லோகநாதன் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். நான் காபியைக் குடிக்க மறந்துபோனேன்.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

'வளைவில் சீறித் திரும்பியது அந்தச் சிவப்புக் கா…' [பொய். இந்தக் கதையில் கார் எதுவும் ஓடப்போவதில்லை.]

'வசந்தகுமாரி ஒரு சந்தேகக்காரி.' [அநியாயம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பல்சக்கரம் வெட்டும் ஒரு சின்னக் கம்பெனியில் அவர் செக்கிங் பார்த்தார். சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம்.]

'மண்ணெண்ணெய் நாற்றத்தில்தான் அவள் கண்விழித்தாள்.' இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

[மேல்வீட்டு அம்மாளை 'அவர்' என்றும் கதைக்குள் வருகிறவளை 'அவள்' என்றும் எழுதுகிறேன். இருவரும் ஒருவர்தானா என்பதில் எனக்கே முழு நிச்சயம் இல்லை.]

3

மண்ணெண்ணெய் நாற்றத்தில்தான் அவள் கண்விழித்தாள். 1988, பொங்கல் கழிந்த வாரம். பால்கனியில் லோகநாதன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பூசணிக்காய் அளவுள்ள ஓர் இரும்பு உருண்டையைக் கம்பி பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்குச் சொந்தக் கடை கிடையாது. வேறொருவர் கடையில் கவுண்டரில் நின்றான்.

"இன்னாங்க இது?"

"டிஃபரன்ஷியல். ரேஸ் காருது. துலுக்கானம் குட்த்தான்." துலுக்கானம் பூந்தமல்லியில் காயலான் கடைக்காரர்.*

*டிஃபரன்ஷியல் என்பது காரின் பின் அச்சில் இருப்பது. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினால் விசை முழுக்க அதற்கே போய் வீணாகும். இதிலோ உள்ளே வரிசையாகத் தகடுகள் இருக்கும். அவை ஒன்றையொன்று இறுக்கி, இரண்டு சக்கரத்தையும் பிடித்து இழுக்கும். பந்தயக்காரர்கள் இதற்கு உயிரை விடுவார்கள். இதை வசந்தகுமாரியிடம் வாசித்துக் காட்டியபோது, "ரெண்டு வார்த்தைல முடிச்சிருக்கலாம்" என்றார்.

ஒரு வாரம் தேய்த்தான். தன் டிபன்பாக்ஸைக்கூடக் கழுவாதவன் எமரித் தாள் போட்டான், மெட்டல் பாலிஷ் போட்டான், பழைய வேட்டித்துணியால் துடைத்துத் துடைத்துத் தன் முகத்தை அதில் பார்த்துக்கொண்டான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பின் அச்சுக்குள் போய் எண்ணெயில் முங்கிக் கிடக்கப்போகிற சாமானை யார் பார்க்கப்போகிறார்கள்? யாரும் பார்க்காத இடத்துக்கு எதற்குப் பளபளப்பு?

கேட்டாள். "வாங்கறவன் பாப்பான்ல" என்றான். "சுலைமான் பாய் ஞாயித்துக்கெழம வர்றாரு. சோழவரம் ரேஸுக்கு வண்டி ரெடி பண்றாரு. அவரே ஓட்றாரு."

[இங்கே, பழைய கதையைத் தேய்த்துப் புதிதாக விற்பவன்தானே எழுத்தாளனும் என்று ஒரு வாக்கியம் இருந்தது. எல்லோரும் எழுதுவது. எடுத்துவிட்டேன்.]

4

வியாழக்கிழமை காலை துணி காயப்போடப் போனவள் அதைக் குனிந்து பார்த்தாள். உருண்டையின் வெளிக்கூட்டை மூடியிருந்த எட்டு போல்ட்டுகளும் மின்னின. ஆனால் பாலிஷ் எட்டாத அடிப்பக்கத்து ஓரங்களில் புதிய கீறல்கள். ஸ்பேனர் கடித்த தடம். பழைய தடமாக இருந்தால் துரு ஏறியிருக்கும், எண்ணெய் கறுத்திருக்கும். இதில் இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

யாரோ சமீபத்தில் திறந்திருக்கிறார்கள். திறந்து, பார்த்து, மூடியிருக்கிறார்கள்.

"உள்ள தொறந்து பாத்தீங்களா?"

"அதுக்குத் தனி டூலு வேணும் வசந்தா. உள்ள நல்லா கீதுன்னு துலுக்கானமே சொல்ட்டான்."

தனி டூல் வேண்டாம். பதினேழாம் நம்பர் ரிங் ஸ்பேனர் போதும். அது அவளுக்குத் தெரியும். பத்து வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறவனுக்குத் தெரியாதா?

அன்றைக்குக் கம்பெனியில் இருபது பல்சக்கரங்களைச் சரியில்லை என்று ஒதுக்கினாள். பதினெட்டில் எந்தக் குறையும் இல்லை என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார்.

5

சனிக்கிழமை அவன் கடைக்குப் போனதும் லீவு போட்டிருந்த அவள் கீழ்வீட்டில் அப்போது இருந்தவர்களிடம் ஸ்பேனர் வாங்கிவந்தாள். தடிமன் அளக்கும் கம்பெனி மைக்ரோமீட்டரை முந்தின நாளே சாப்பாட்டுப் பையில் மறைத்துக் கொண்டுவந்திருந்தாள். அவள் செய்த ஒரே திருட்டு அதுதான். திங்கட்கிழமை திருப்பி வைத்துவிட்டாள்.

[அந்தக் கனத்தைப் பால்கனியிலிருந்து உள்ளே ஒரு பெண் தனியாகத் தூக்கி வந்தாளா என்று ஒரு நண்பர் கேட்டார். லாரித் தண்ணீரைக் குடம் குடமாக மூன்றாம் மாடிக்கு யார் தூக்கினார்கள் என்று அவர் தன் வீட்டில் விசாரிக்கலாம்.]

எட்டு போல்ட்டும் சுலபமாகக் கழன்றன. தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்தித்தாளில் அடுக்கினாள். சூட்டில் வெந்து நீலம் பாய்ந்திருந்தன. அளந்து பார்த்தாள். ஒன்றுகூட மற்றொன்றின் தடிமனில் இல்லை. ஒரு தகட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காது உடைந்திருந்தது. உடைந்த துண்டு உள்ளே இருக்கும் பல்சக்கரங்களின் பல்லுக்கு நடுவில் போய் மாட்டினால், வளைவில் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். வண்டி என்ன ஆகும் என்று அவள் யோசிக்க விரும்பவில்லை.

துண்டைத் தேடினாள். கூட்டுக்குள் இல்லை. எண்ணெயை வடிகட்டிப் பார்த்தாள், இல்லை. மூடிய கூட்டிலிருந்து அது தானாக வெளியே போகாது. திறந்தவன் பார்த்திருக்கிறான். பார்த்து, துண்டை எடுத்துப்போட்டுவிட்டு, மூடியிருக்கிறான்.

துலுக்கானமா, தன் வீட்டுக்காரனா?

[மாலையில் அவன் வந்ததும் கேட்டாள், அவன் அழுதா… இல்லை. கேட்கவில்லை. ஏன் என்று நானும் கேட்டேன். "கேட்டா ஒரு பதில் சொல்வாரு. அப்பறம் அந்தப் பதில வெச்சிகினு நான் இன்னா பண்றது?" என்றார் வசந்தகுமாரி.]

கூட்டை மட்டும் மூடி, இருந்த இடத்தில் வைத்தாள். தகடுகள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் போயின.

6

ஞாயிறு காலை பத்து மணிக்கு சுலைமான் வந்தார். பூந்தமல்லியில் மெக்கானிக், முப்பது வயதிருக்கும். கையில் குழந்தைக்கு என்று பிஸ்கட் பொட்டலம். இவர்களுக்குக் குழந்தை இல்லை என்று அவருக்குத் தெரியாது.

"இன்னா அண்ணாத்தே, கண்ணாடி மாரி கீது!" என்று கூட்டைத் தடவினார். "இத்த கையால தொடவே பயமா கீது."

லோகநாதன் சிரித்தான். விலை பேச வாயைத் திறந்தான். அப்போது வசந்தகுமாரி காபித் தட்டை எடுத்துவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். தட்டில் காபி இல்லை. நீலம் பாய்ந்த தகடுகள் இருந்தன. உடைந்த காது மேலே தெரியும்படி.

சுலைமான் மேல் தகட்டை எடுத்து விளிம்பை விரலால் நெருடினார். பிறகு தலையைத் தூக்கி லோகநாதனைப் பார்த்தார். வசந்தகுமாரியும் அவனைத்தான் பார்த்தாள். தட்டை வைத்த நொடியிலிருந்து அவள் வேறெதையும் பார்க்கவில்லை.

"நான்தான் தொறந்து காட்டச் சொன்னேன் பாய்" என்றான் லோகநாதன். குரல் துளியும் பிசகவில்லை. "கூடும் பல்லும் நல்லா கீது. பிளேட்டு தேறாது. நீங்க உசுர வெச்சி ஓட்ற ஆளு. உங்க கைல மறைக்கக் கூடாதுல்ல?"

சுலைமானின் கண் கலங்கிவிட்டது. "இந்த லைன்ல இப்டி ஒருத்தரா!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டையும் பல்லையும் மட்டும் விலைபேசி எடுத்துக்கொண்டு, "வர்றேன் அக்கா" என்று இறங்கிப் போனார். தகடுகளை ஆவடியில் புதிதாக வெட்டிக்கொண்டார். லோகநாதன் என்ற நேர்மையான மனிதரைப் பற்றி ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாகச் சொன்னார். அந்தப் பெயரை வைத்துத்தான் இரண்டே வருஷத்தில் சொந்தக் கடை வந்தது.

அன்றைக்கு அவர் போனதும் லோகநாதன் பிஸ்கட்டைப் பிரித்து அவளிடம் ஒன்று நீட்டினான். வாங்கித் தின்றாள். அவன் முகத்தில் ஒரு கணமாவது ஆச்சரியம் தெரிந்ததா என்று யோசித்துக்கொண்டே தின்றாள். தெரியவில்லை. குறையை முதலிலேயே பாயிடம் சொல்வதாக இருந்தவனுக்கும் ஆச்சரியம் இருக்காது. பொய்யில் தேறியவனுக்கும் இருக்காது.

7

முடிவுக்கு வந்துவிட்டேன். மூன்று எழுதி மூன்றையும் கிழித்தேன். ஒன்றில் துலுக்கானம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். அந்த மனிதர் 1991-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். செத்தவர் தலையில் போடுவது எனக்கு எளிது.

இதை எழுதத் தொடங்கிய பிறகு ஒரு நாள் லோகநாதன் என்னோடு பஸ் ஸ்டாப் வரை நடந்துவந்தார். பஸ் வருவதற்குள், நான் கேட்காமலே, போல்ட்டைத் திறந்தது யார், துண்டு எங்கே போனது என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் மாடிப்படியில் வசந்தகுமாரி என்னை நிறுத்தினார். கையில் காய்கறிப் பை.

"உங்ககிட்ட சொல்ட்டாரா?"

தலையாட்டினேன்.

பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "எனுக்கு சொல்லாதீங்க. எழுதிக்குங்க, தாராளமா. அத்த மட்டும் எழுதாதீங்க. நான் படிப்பேன்."

படிப்பார். இந்த வரியைக்கூட இப்போது படித்துக்கொண்டிருப்பார். அதனால் எழுதவில்லை.

உங்களுக்கு என் மேலேயே சந்தேகம் வந்திருக்கும்: லோகநாதன் பஸ் ஸ்டாப்பில் ஒன்றுமே சொல்லவில்லையோ, முடிவு தெரியாமல் இவன் அந்த அம்மாளின் வேண்டுகோளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறானோ என்று. வரட்டும். வசந்தகுமாரி பார்த்ததை எல்லாம் நீங்களும் பார்த்துவிட்டீர்கள். அந்த மனிதரோடு அந்த வீட்டில் இருக்க வேண்டியவர் அவர். நீங்கள் இல்லை. உங்கள் விருப்பம் போலத் தீர்ப்பு எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு மட்டும் காட்டிவிடாதீர்கள்.