தாண்டவராயன் திரும்பிப் பார்க்காத சாலை

1

செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர்கள் பலர்; செஞ்சிச் சாலையைப் பிடித்தவர் தாண்டவராயன் ஒருவரே.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கதை பிறந்தது. கல்லூரி விடுதியில், தேர்வுக்குப் படிக்கிற பாவனையில் இருந்தபோது தோன்றியது. உடனே புத்தகத்தை மூடிவிட்டேன். இவ்வளவு நல்ல வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொருளாதாரம் படிப்பது நாட்டுக்கே துரோகம்.

தொடங்கும் முன் என் கொள்கையைச் சொல்லிவிடுகிறேன். கதையை முடிக்கத் தெரியாமல் வாசகர் தலையில் கட்டிவிட்டுப் போகிறவன் எழுத்தாளனே அல்லன். சாம்பார் ஊற்றியதும் பந்தியை விட்டு ஓடிப்போகிற சமையல்காரன் அவன். இந்தக் கதைக்கு முடிவு உண்டு. ரசம், மோர் உள்பட எல்லாம் பரிமாறிவிட்டுத்தான் போவேன்.

2

தாண்டவராயன் ஓர் உரக் கம்பெனியின் விற்பனையாளர். தேர்தல் சுவரெழுத்து இன்னும் அழியாத அந்த 1967இல், செஞ்சியிலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் புல்லட்டில் போய்த் திரும்புகிறவர். எந்த மேட்டில் எந்த நாய் குறுக்கே வரும் என்பது அவருக்குத் தெரியும்.

(இங்கே அவருடைய மீசையை ஒரு பத்தி வர்ணித்திருந்தேன். மீசை கதைக்குள் எதுவும் செய்யவில்லை. எடுத்துவிட்டேன்.)

அப்படிப்பட்டவரைத்தான், 'வண்டி ஓட்டி அனுபவமுள்ளவர்களுக்கான மேற்பயிற்சி'க்கு வந்து சேரும்படி கம்பெனி உத்தரவிட்டது.

"மீன் குஞ்சுக்கு நீச்சல் கத்துக் குடுக்க வர்றானுங்களாம் பாய்" என்றார் தாண்டவராயன்.

பாய் என்பது அன்வர் பாஷா. கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிறவர். தாண்டவராயனின் ஒரே சிநேகிதர். பாஷா சிரிக்காத நகைச்சுவையைத் தாண்டவராயன் இன்னொரு இடத்தில் சொன்னதில்லை. பாஷா சிரித்தால் முழு உடம்பும் சிரிக்கும்; கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்.

(இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள். அதை எழுதியபோது வேடிக்கைக்காகத்தான் எழுதினேன்.)

3

கோட்டை மலையடிவாரத்து மைதானம். சுண்ணாம்புக் கோடு, கவிழ்த்து வைத்த மண்சட்டிகள். சொல்லிக் கொடுக்க வந்தவர் சிங்காரவேலு. ராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோனவர். தாண்டவராயனைவிட வயதில் சிறியவர் என்பது முதல் குற்றம். சட்டிகளுக்கு நடுவே தாண்டவராயனை வளைந்து வளைந்து போகச் சொன்னது இரண்டாவது குற்றம். ஒரு சட்டி உடைந்தது. அது சட்டியின் குற்றம்.

"வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி வலது தோளுக்கு மேல திரும்பிப் பாருங்க சார். போற வழியிலயும் அப்பப்ப, பின்னால உக்காந்திருக்கறவரு இருக்காரான்னு பாத்துக்குங்க" என்றார் சிங்காரவேலு.

"ஏன் தம்பி, அவரு எங்க போயிடுவாரு? எறங்கணும்னா சொல்லிட்டுத்தான எறங்குவாரு?"

மைதானமே சிரித்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த பாஷா எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். சிங்காரவேலு மட்டும் சிரிக்கவில்லை. "சிரிங்க சார். திரும்பியும் பாருங்க" என்றார்.

4

வெயில் சாய்ந்த வேளையில் அந்த மாவீரன் தன்

விதியானது அன்று

(இரண்டையும் விட்டுவிட்டேன். முதலாவது பொய். இரண்டாவது, பழியைப் போட ஆள் தேடுகிறது.)

நடந்தது இவ்வளவுதான். பாஷாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தாண்டவராயன் கடைவீதிக்குத் திரும்பினார். வழியில் தார் ரோட்டில் கேழ்வரகுக் கதிர் பரப்பியிருந்தது.*

* வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் பக்கம் அறுவடையானால் கதிரைச் சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகளின் சக்கரமே கதிரடித்துக் கொடுக்கும். ஏறிப் போகிறவர் நல்லவர். ஒதுங்கிப் போகிறவர் பங்காளி.

"நல்லா ஏறிப் போ நைனா!" என்று முறத்தோடு நின்ற கதிர்க்காரி உண்ணாமலை குரல் கொடுத்தாள்.

நல்லவரென்று பெயர் எடுத்தவர் வெறுமனே ஏறுவாரா? ஒரு கதிரும் தப்பாதபடி பாம்பு போல வளைந்து வளைந்து ஓட்டினார். ஓட்டிக்கொண்டே சிங்காரவேலு ஆனார். "திரும்பிப் பாருங்க சார்!" என்று மூக்கால் பேசி, கோழி மாதிரி கழுத்தை வெட்டி வெட்டித் திருப்பினார். கழுத்தைத்தான் திருப்பினார், கண்ணைத் திருப்பவில்லை.

பாஷா சிரித்தார். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தாண்டவராயன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். புல்லட் சத்தத்தில் அவர் குரல் அவருக்கு நன்றாகக் கேட்டது. டீக்கடைக் கலியபெருமாள் கிளாஸைக் கழுவியபடி கேட்டார்:

"இன்னாய்யா, தனியா பேசிக்கினு வர?"

"தனியாவா? பாய்கிட்ட—"

அன்றைக்கு அவர் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

பாஷா கதிரில் விழுந்தபோது, பின்னால் வந்த, மணிலாக் கொட்டை என்கிற வேர்க்கடலை ஏற்றிய பாரவண்டியின் மாடுகளும் அந்தக் கதிரில்தான் வழுக்கியிருந்தன. வண்டிச் சக்கரம் பாஷாவின் வலது கணுக்காலில் ஏறி இறங்கியிருந்தது.

5

கதையை இங்கே நிறுத்திவிட்டு மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போனேன். 'எங்க போயிடுவாரு' என்ற வரியை அடித்தேன். அது தாண்டவராயன் சொன்னதல்ல; நீங்கள் சிரிக்க வேண்டும் என்று நான் அவர் வாயில் வைத்தது. வரியை எடுத்தால் வழியில் கேலி இல்லை. கேலி இல்லையென்றால் சிரிப்பு இல்லை. சிரிப்பு இல்லையென்றால் பாஷாவின் கைகள் பிடித்த இடத்திலேயே இருக்கும். ஆனால் வரி போன இடத்தில், நான் எழுதாமலே தாண்டவராயன் வேறொன்றைச் சொல்லிக்கொண்டு நிற்கிறார். பாஷாவும் சிரிக்கிறார். அவர்கள் சிநேகிதமே அப்படி. வரியைத் திரும்ப வைத்துவிட்டேன்.

வேறு முடிவுகளையும் வைத்துப் பார்த்தேன்.

(அ) கால் குணமாகிவிடுகிறது. கட்டுப் பிரித்த அன்றே பாஷா மிஷினில் உட்கார்ந்து தடதடவென்று மிதிக்கிறார். இதை எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது.

(ஆ) பாஷா வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். தாண்டவராயன் தலை குனிந்து வாங்கிக்கொள்கிறார். கணக்கு நேராகிறது. இது தாண்டவராயனே கேட்ட முடிவு. பாஷா ஒத்துழைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அவர் சொன்னது வேறு:

"நீ இன்னாப்பா பண்ணுவ? கையை உட்டுட்டுச் சிரிச்சவன் நானு."

இப்போது கடையில் பாஷா துணியை வெட்டிக் கொடுக்கிறார். மிஷினை மிதிப்பது அவர் மனைவி மெஹபூப் பீ. தாண்டவராயன் கடையைத் தாண்டும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்கும். பாஷா மிதித்தால் ஒரே ஓட்டமாக ஓடும். இது நின்று நின்று ஓடுகிறது.

தாண்டவராயன் நகைச்சுவை சொல்வதை விட்டுவிட்டார். சிங்காரவேலு விழுப்புரத்தில் மறுபடி பயிற்சி நடத்தியபோது, கம்பெனி உத்தரவு எதுவும் இல்லாமலே போய்க் கடைசி வரிசையில் நின்றார். சிங்காரவேலு அவரை அடையாளம் கண்டுகொண்டு, சட்டிகளை அடுக்கினார்.

6

ஒரு காலையில் தாண்டவராயன் தையல் கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனார். அன்றைக்குப் பாஷா காலைக் காட்டப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது.

"பஸ்ஸுல படிக்கட்டு உசரம் பாய். நான் இட்டுக்கினு போறேன்."

மிஷின் நின்றது. மெஹபூப் பீ நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். முன்பெல்லாம் 'அண்ணே' என்பார்.

"பஸ்ஸுலயே போய்க்கறோம் சார்."

பாஷா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கைத்தடி எட்டாத தூரத்தில், சுவரோரமாகச் சாய்ந்திருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார், தாண்டவராயனைப் பார்த்தார்.

"மெதுவா ஓட்டுவேன் பாய்" என்றார் தாண்டவராயன். இதற்கு முன் அவர் வாயில் வராத வாக்கியம் அது. பதிலுக்கு நிற்கத் தைரியம் இல்லாமல் வெளியே வந்துவிட்டார்.

நானும் அவரோடு வெளியே வந்துவிட்டேன். நீங்கள் மட்டும்தான் உள்ளே இருக்கிறீர்கள். கைத்தடி உங்கள் கைக்கு எட்டும்.

தாண்டவராயன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். உதைத்தார், புல்லட் கிளம்பியது. அந்தச் சத்தத்தில் மிஷின் ஓடுகிறதா, நின்றிருக்கிறதா என்று தெரியவில்லை. பின் இருக்கையைப் புறங்கையால் ஒரு தரம் துடைத்தார். சிறிது நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, கடைவீதியே பார்த்துக்கொண்டிருக்க, வலது தோளுக்கு மேலாகக் கழுத்தை மெல்லத் திருப்பினார். இந்த முறை கண்ணையும் திருப்பினார்.