ஆமோஸ் எந்த ஊர்க்காரன்

பிரிம்பிள்காரர்களிடம் அவர்கள் ஊரைப் பற்றி மட்டும் வாயைக் கொடுத்துவிடக் கூடாது. மொத்தமே முப்பது வீடு. ஆனால் சர்ச் கோபுரம் நார்மன் ராஜாக்கள் காலத்தது, அதன் பக்கத்தில் நிற்கும் யூ மரம் கோபுரத்துக்கே மூத்தது, ராஜாவின் படை ஒன்று ஓடைப் பாலத்தின்மேல் நின்று நம்மிடம் வழி கேட்டுப் போனது என்று ஆரம்பித்தார்களானால் கையில் இருக்கும் டீ ஆறிப்போகும். பக்கத்து ஊரான கார்ட்லியிலிருந்து நாற்பது வருடத்துக்கு முன் வாழ்க்கைப்பட்டு வந்த தெர்சாவுக்கு இதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இருந்தாலும் வெளியூர்க்காரன் எவனாவது அந்தப் பாலத்தைச் சின்னது என்று சொன்னால் முதலில் சண்டைக்குப் போகிறவள் அவள்தான்.

ஊர்ப் பெருமைகளில் ஒன்று அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு குறுகிய நடை. அதன் தரையில் நீளமாகப் பதித்த கருங்கல் வரிதான் இரண்டு ஊருக்கும் எல்லை. முன்னறை பிரிம்பிள், சமையலறை கார்ட்லி. ஒவ்வொரு மே மாதமும் எல்லை சுற்றும் நாளில் ஊரே வில்லோ குச்சிகளோடு எல்லைக் கற்களை அடித்துக்கொண்டு வரும். நடையின் ஒரு கோடி ஜன்னல் வழியாக ஏறி, கருங்கல்லை அடித்து, மறுகோடி ஜன்னல் வழியாகக் குதித்துப் போகும். கதவு வழியாக வரக் கூடாதா என்று புதுப்பெண்ணாக இருந்தபோது தெர்சா கேட்டாள். எல்லை கதவு வழியாகப் போகவில்லையே என்றார்கள்.

இந்த வருடம் அவள் புருஷன் ஆமோஸ் ஊர்வலத்தில் இல்லை. பிரிம்பிள் சர்ச்சின் பெரிய மணியை இளவயதிலிருந்து அடித்துவந்தவன். குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியதோடு படுத்தான். இனி எழுந்திருப்பான் என்று டாக்டரும் சொல்லவில்லை, அவனும் நம்பவில்லை. முன்னறைக்கு மேலே இருந்த மாடியறைக்கு ஏற முடியாததால் தெர்சா கட்டிலைக் கீழே இறக்கி, சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் போட்டிருந்தாள். முன்னறைப் புகைக்கூண்டு விரிசல் விட்டு மூன்று குளிர்காலம் ஆகிறது. மே மாதமாகியும் குளிர் விடவில்லை, ஆனால் அங்கே கணப்பு மூட்டினால் வீடே புகை மண்டிவிடும்.

எல்லை சுற்றும் நாள் காலையில், தூரத்தில் ஊர்வலத்தின் சத்தம் கேட்டதும் ஆமோஸின் முகம் மாறியது.

"தெர்சா, நான் எங்க படுத்திருக்கேன்?"

"கட்டில்ல."

"கட்டில் எந்த ஊர்ல கெடக்கு?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லைக்கோடு வீட்டை வெட்டினால் மனுஷன் எங்கே தூங்குகிறானோ அந்த ஊர்க்காரன் என்பது பழைய வழக்கம். சமைப்பதும் சாப்பிடுவதும் கணக்கில் வராது. பிரிம்பிளின் கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைந்துபோனதால், ஊருக்குள் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் அங்கே குழி என்று போன வருடம் கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். அதற்கு முதலில் கை தூக்கியவன் ஆமோஸ். விதி என்றால் விதிதான் என்று மேஜையைக் குத்திப் பேசியவனும் அவன்தான்.

"எங்கப்பன், பாட்டன் எல்லாம் அந்த யூ மரத்துக்கு அடியில கெடக்காங்க. நான் மட்டும் கார்ட்லி மண்ணுலயா?" அவன் கண் கலங்கியது. மணிக்கயிறு கையை அறுத்தபோதுகூட அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

அதற்குள் நடை ஜன்னலில் ஹியூபர்ட்டின் தலை தெரிந்தது. சர்ச் காரியஸ்தர். வயிறு பாதியில் மாட்டிக்கொள்ள, பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளினார்கள்.

"மெதுவாத் தள்ளுங்கடா, மாவு மூட்டையா நான்?"

"மூட்டைன்னா இந்நேரம் உள்ள விழுந்திருக்குமே!"

சிரித்துக்கொண்டே நடைக்குள் இறங்கியவர்கள் கருங்கல்லை அடித்தார்கள். பிரிம்பிள்காரர்கள் ஒரு முழம் தள்ளி அடித்துவிடாமல் பார்க்க வருடாவருடம் கார்ட்லியிலிருந்து ஒரு சாட்சி வருவான். அது தெர்சாவின் தம்பி சேத், கொத்தன். அவன்தான் சமையலறைக்குள் முதலில் எட்டிப் பார்த்தான்.

"அட, மச்சான் எங்க ஊருக்கே குடி வந்துட்டாரே! பிரிம்பிளோட பெரிய மணி இனி எங்க ஆளு!"

கார்ட்லிக்காரன் கிண்டலுக்கு உடனே பதில் சொல்கிற ஹியூபர்ட் இப்போது கட்டிலைப் பார்த்தார், கருங்கல்லைப் பார்த்தார். குச்சிகள் எல்லாம் தாழ்ந்தன.

"ஆமோஸ்... இங்கயா தூங்கறே?"

ஆமோஸ் வாயைத் திறந்தான். அவன் பொய் சொல்ல மாட்டான் என்று தெர்சாவுக்குத் தெரியும். அவள் முந்திக்கொண்டாள்.

"இங்க யாரு தூங்கறா? பகல்ல சும்மா சாஞ்சிருப்பாரு. படுத்தா இருமல் விடாது, அதனால ராத்திரி முன்னறையில நாற்காலியிலதான் தூக்கம்."

அப்பட்டமான பொய். முன்னறை நாற்காலியில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு பூனைகூட உட்கார்ந்ததில்லை. அந்தக் குளிரில் சீக்காளி ஒருவன் தூங்குவதாவது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஹியூபர்ட்டுக்கு நம்ப ஆசைதான். ஆனால் இன்னொரு ஊர்ச் சாட்சி கண்ணெதிரே நிற்கிறானே.

"சேத், நீ என்ன சொல்றே?"

சேத் அக்காவைப் பார்த்தான். சின்ன வயதில் தன் குறும்புக்கெல்லாம் அவள் அடி வாங்கியிருக்கிறாள். ஒருநாளும் அவனைக் காட்டிக்கொடுத்ததில்லை. இன்று சொந்தத் தம்பி முன்னால், பிறந்த ஊருக்கு எதிராகப் பொய் சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றாள். அவள் கை மட்டும் ஏப்ரனைக் கசக்கிக்கொண்டிருந்தது.

சேத் தொப்பியைக் கழற்றினான். "எங்கக்கா சொன்னது சரி. மச்சான் தூங்கறது பிரிம்பிள்ல. கார்ட்லி சார்பா நான் சாட்சி."

ஊர்வலம் எதிர் ஜன்னல் வழியாகக் குதித்துப் போனது. வழக்கமான கூச்சல் இல்லை. ஆமோஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். "எனக்காகப் பொய் சொல்ல வெச்சுட்டேனே" என்று மட்டும் சொன்னான். தெர்சாவுக்கும் நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது. ஊரறியப் பொய்யைச் சொல்லி வாங்கிய குழியில் அவன் எப்படி நிம்மதியாகக் கிடப்பான்?

மத்தியானம் கூரைமேல் தடதடவென்று சத்தம். ஓடி வந்து பார்த்தாள். சேத்தும் கார்ட்லி ஆட்கள் இரண்டு பேரும் புகைக்கூண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே செங்கல், சுண்ணாம்பு, ஒரு பெரிய எண்ணெய் அடுப்பு.

"என்னடா தம்பி இது?"

"ரெண்டு ஊருக்கும் முன்னால சாட்சி சொல்லிட்டேன்க்கா. கார்ட்லிக்காரன் சொன்ன வார்த்தை பொய்யாகக் கூடாது. மச்சான் இன்னிக்கு ராத்திரியிலேருந்து முன்னறையிலதான் தூங்கறாரு. சுண்ணாம்பு காயற வரைக்கும் எங்க சர்ச்சு அடுப்பு இங்க எரியட்டும்."

"அப்போ ஞாயித்துக்கிழமை உங்க ஜனங்க?"

"குளிர்ல உக்காந்து ஜெபம் பண்ணட்டும். பக்தி வளரும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேலிக்கு அப்பால் ஹியூபர்ட் பிரிம்பிள் ஆட்களோடு நின்றிருந்தார். மூன்று குளிர்காலமாக அந்த விரிசலைப் பார்த்துக்கொண்டே போனவர்கள். கார்ட்லிக்காரன் வந்து பிரிம்பிள் கூரைமேல் நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு வந்து, ஆடிக்கொண்டிருந்த ஏணியைப் பிடித்தார். மற்றவர்கள் கட்டிலைத் தூக்க உள்ளே போனார்கள்.

நாற்பது வருடமாகப் பிரிம்பிள் கோபுரத்துக்கும் பாலத்துக்கும் பரிந்து பேசிய தெர்சா தலை நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

"ஏணியை நல்லாப் பிடி, ஹியூபர்ட். மேல நிக்கறது எங்க ஊர்க்காரன்."