பாத டாக்டரின் எட்டாம் நம்பர்

அந்தச் செருப்புக் கடைக்கு வருகிறவர்களின் முகத்தை அவர் பார்ப்பதே கிடையாது. கண்ணாடிக் கதவு திறந்ததும் பார்வை நேராகத் தரைக்குப் போகும். வந்தது யார், சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்பதெல்லாம் பிறகு. முதலில் கால். நகம், விரல், கணுக்கால், குதிகால் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் "வாங்க, உக்காருங்க" என்பார். வந்தவருக்கு என்ன வியாதி என்று அதற்குள் அவர் முடிவு கட்டியிருப்பார். வந்தவருக்குத்தான் தெரியாது, பாவம்.

கடையில் அவர்தான் மூத்த விற்பனையாளர். ஆனால் எல்லோரும் அவரைப் பாத டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். மனைவியின் தம்பி ஒருநாள் கிண்டலுக்கு வைத்த பெயர் அது. கிண்டல் என்று புரிந்துகொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லாததால், கொடுத்த பட்டத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார்.

எங்கே படித்தார் என்று கேட்டால், கடையின் பின்பக்கக் கிடங்கில். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துப் படித்தார். நகம் கரண்டி மாதிரி குழிந்தால் இரும்புச் சத்து குறைவு. விரல் மேல் இருந்த முடி உதிர்ந்தால் ரத்த ஓட்டத்தில் தகராறு. பெருவிரல் திடீரென்று சிவந்து வீங்கினால் யூரிக் அமிலம். கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தால் இதயம், இல்லாவிட்டால் சிறுநீரகம். இதெல்லாம் கட்டுக்கதை இல்லை. உண்மையான டாக்டரும் காலைப் பார்த்து இதையே சந்தேகப்படுவார். ஆனால் அந்த டாக்டர் சந்தேகத்தோடு நிறுத்திக்கொண்டு சோதனைக்கு அனுப்புவார். நம்முடைய டாக்டர் தீர்ப்பே சொல்லிவிடுவார். சொன்ன கையோடு ஒரு ஜோடி ஷூவையும் தலையில் கட்டுவார்.

"தப்பா நினைக்காதீங்க சார், விரல்ல முடி கொட்டி ரொம்ப நாளாச்சா?"

வார் அறுந்த செருப்போடு வந்த ஆள் திகைத்துப்போய்த் தன் காலைத் தானே குனிந்து பார்ப்பார். "எப்பவும் இப்படித்தானே இருக்கு?"

"அங்கதான் சார் விஷயமே. ரத்தம் கீழ வரைக்கும் இறங்கல. நெஞ்சைக் காட்டிப் பாத்துக்கங்க. அதுவரைக்கும் கட்டாந்தரையில நடக்கிற மாதிரி செருப்பெல்லாம் வேண்டாம். இந்த மெத்தை வச்ச மாடலைப் போடுங்க."

வயிற்றில் புளியைக் கரைத்தபின் யார் பேரம் பேசுவார்கள்? வந்தவர் கடையிலேயே உசத்தியான ஷூவை மாட்டிக்கொண்டு, ஏதோ கண்டம் தப்பிய முகத்தோடு வெளியே போவார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

வீட்டில் மட்டும் இந்த வைத்தியம் செல்லுபடி ஆகவில்லை. மனைவி ஒரு சலவைக் கடையில் நாள் முழுக்க இஸ்திரி மேஜை முன் நிற்பவள். அவள் குதிகால் வெடிப்பைப் பார்த்துவிட்டு "தைராய்டு" என்றார். அவளும் பயந்துபோய்ச் சோதித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று வந்தது. "அந்த லேப்ல எல்லாம் சின்னப் பசங்க" என்று சப்பைக்கட்டு கட்டினார். மாமியாரின் கணுக்கால் வீக்கத்தைப் பார்த்து இதயம் என்று அறிவித்தார். அந்த அம்மாள் உப்பை விட்டாள், ஊறுகாயை விட்டாள், மாடிப்படி ஏறுவதை விட்டாள். கடைசியில் அது மருமகன் பரிசாகக் கொண்டுவந்து கொடுத்த சாக்ஸின் ரப்பர் பிடித்த தடம் என்று தெரிந்தது. அதற்கும் அவர் அசரவில்லை. "வீக்கம் இருந்ததா இல்லையா? அதைச் சொல்லுங்க" என்றார்.

சாயங்காலம் வந்ததும் மனைவி ஒரு வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை அமிழ்த்தி உட்காருவாள். ஒருநாள் காலை வைத்த வேகத்தில் "அம்மாடி, என்ன சூடு!" என்று வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் செல்போனில் முதுகலைப் படிப்பில் இருந்த டாக்டர், "இதெல்லாம் ஒரு சூடா?" என்று தன் காலை உள்ளே விட்டார். விட்டவர் எடுக்கவே இல்லை.

"போதும், எடுங்க. செவந்துபோச்சு."

"செவந்தா என்ன அர்த்தம்? ரத்தம் ஜோரா ஓடுதுன்னு அர்த்தம். நாள் பூரா நிக்கிறேன், ஒரு முனகல் உண்டா? கால்னா இது கால்."

அவள் வேறொன்றையும் கவனித்து வைத்திருந்தாள். சோற்றுக்கு முன்னும் பின்னும் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறார், ராத்திரியில் பாதி நேரம் கழிப்பறைக்கு நடக்கிறார். "ஒருதரம் ரத்தத்தைக் கொடுத்துப் பாருங்களேன்" என்று கெஞ்சியும் திட்டியும் பார்த்தாள். "வியாதி வந்தா முதல்ல என் கால் எனக்குச் சொல்லும்" என்று அவர் அவள் வாயை அடைத்துவிட்டார்.

ஷூ விஷயத்திலும் அவர் ஒரு மாதிரிதான். கடையில் சேர்ந்த காலத்தில் ஒன்பது போட்டவர், இப்போது எட்டாம் நம்பரில் நின்றார். ஒன்பதைப் போட்டால் காலில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறதாம். நன்றாக இறுக்கிப் பிடித்தால்தான் ஷூ போட்ட நினைப்பு வருகிறதாம். பாதம் ஷூவின் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நிற்பது கடை முழுக்கத் தெரியும். அளவு சொல்வதையே பிழைப்பாக வைத்திருக்கும் மனிதருக்கு மட்டும் தெரியாது. "வயசானா பாதம் அகலும் சார், ஒரு சைஸ் கூட்டிப் போடுங்க" என்று வாடிக்கையாளருக்குச் சொல்கிற அதே வாய், தன் காலுக்கு வந்ததும் "வயசானா சுருங்கும்" என்று சொல்லிக்கொண்டது.

இந்த லட்சணத்தில்தான் முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. விடுமுறை நாளில் கடை வாசலில் இலவசப் பாதப் பரிசோதனை முகாம். டாக்டர் யாரையாவது கூப்பிடலாமே என்று கல்லாவில் யாரோ கேட்டதற்கு, "நம்மகிட்டயே ஒருத்தர் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்றார் முதலாளி. கடை முகப்பில் ஆளுயரப் பேனர் ஏறியது. அதில் பாத டாக்டர், கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையைக் கட்டி நின்றார். அதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

முகாம் அன்று எள் போட்டால் எள் விழாத கூட்டம். இலவசம் என்றால் காலைக் காட்டவும் ஆள் வரும். ஷூ அடுக்குகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். மனைவி சலவைக் கடையிலிருந்து நேராக வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். உதவிக்கென்று மைத்துனனை இழுத்து வந்திருந்தார்கள். அவன் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் மைக்கைப் பிடித்தார். பிடித்தால் விடுவாரா? நகத்திலிருந்து தொடங்கிக் குதிகால் வரைக்கும் வந்து, கடைசியில் முத்தாய்ப்பாக ஒன்றை வைத்திருந்தார்.

"இப்ப முக்கியமான டெஸ்ட். வீட்லயே செய்யலாம். கண்ணை மூடிக்கிட்டு உக்காரணும். இன்னொருத்தர் விரல் நுனியால உங்க கால் விரலை லேசாத் தொடணும். தொட்டதும் எந்த விரல்னு நீங்க சொல்லணும். சொல்ல முடியலைன்னா நரம்பு போச்சுன்னு அர்த்தம். நரம்பு போனா மொதல்ல சர்க்கரையைப் பாருங்க. அலட்சியம் பண்ணினா காலையே எடுக்க வேண்டி வரும். நல்ல கால் எப்படிப் பதில் சொல்லுதுன்னு மொதல்ல என் கால்லயே காட்டுறேன். வா மாப்ள."

நாற்காலியில் உட்கார்ந்து, ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, வாடிக்கையாளர்கள் காலைத் தூக்கி வைக்கும் முக்காலியின் மேல் தன் வலது காலை ஏற்றி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மைத்துனன் குனிந்து பெருவிரலைத் தொட்டான்.

"ம், தொடு மாப்ள."

மைத்துனன் நிமிர்ந்து பார்த்தான். சுண்டு விரலைத் தொட்டான். நடுவிரலைத் தொட்டான்.

"என்னடா வெக்கப்படுற? மாமா கால்தானே, தைரியமாத் தொடு."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. டாக்டர் மைத்துனனை ஓட்டுகிறார் என்று நினைத்தார்கள். மைத்துனனும் அப்படித்தான் நினைத்தான். நம்மையே கலாய்க்கிறாரா என்று, ஷூ மாட்டும் கரண்டியை எடுத்து உள்ளங்காலில் ஒரு இழுப்பு இழுத்தான். அவர் முகத்தில் அசைவே இல்லை. பொறுமையிழந்த வாத்தியாரைப் போல "இவன் ஆரம்பிக்கவே மாட்டான் போலிருக்கே" என்று மைக்கில் சொன்னார். கடையே குலுங்கிச் சிரித்தது.

பின்வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. வெந்நீர் வாளி அவள் நினைவுக்கு வந்துவிட்டது. நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்தாள். முக்காலிக்கு முன்னால் உட்கார்ந்து, தம்பியைத் தள்ளிவிட்டு, அவருடைய பெருவிரலைப் பிடித்து நகம் பதியக் கிள்ளினாள்.

"இப்பவாவது தொடுறியா இல்லையா?" என்றார் அவர்.

"கண்ணைத் திறங்க" என்றாள்.

திறந்தார். மனைவியின் நகம் தன் விரலுக்குள் இறங்கியிருப்பதைக் கண்ணால் பார்த்தார். அவள் இன்னும் அழுத்தினாள். அதையும் பார்த்தார். வேறு யாருடைய காலையோ வேறு யாரோ கிள்ளுகிற மாதிரி இருந்தது. இப்போதுதான் தன் வாயால் மைக்கில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து அவர் காதில் விழுந்தது. அவருக்குப் பயம் வந்தது.

அவள் பாதத்தைத் திருப்பினாள். சுண்டு விரலுக்குக் கீழே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு புண். வெளுத்து, ஓரம் தடித்து, சாக்ஸின் நூலிழை ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எப்ப வந்தது?"

அவருக்கு அது வந்ததே தெரியாது.

முதலாளி வியாபாரி. நிலைமை கையை விட்டுப் போகிறது என்று தெரிந்ததும் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். "பாத்தீங்களா! நரம்பு செத்த கால் எப்படி இருக்கும்னு நம்ம டாக்டர் எவ்வளவு தத்ரூபமா நடிச்சுக் காட்டிட்டார்! அந்தப் புண் கூட மேக்கப்தான்! ஒரு கைதட்டு கொடுங்க!"

கைதட்டல் கடையைப் பிளந்தது. பழக்க தோஷம், டாக்டரின் கை வணக்கம் சொல்லப் பாதி வரைக்கும் எழுந்துவிட்டது. மனைவி காலை விடவில்லை.

"நடிச்சீங்களா?" என்றாள். அவருக்கு மட்டும் கேட்கும்படிதான் கேட்டாள்.

ஒரு தலையசைப்பு போதும். பேனர் பேனராகவே இருக்கும், டாக்டர் டாக்டராகவே இருப்பார். நாளைக்கு இதே முக்காலியில் யாரோ ஒருவருடைய கால் விரல் முடியைப் பற்றிப் பேசலாம். புண்ணும் யாருக்கும் தெரியாமல் சாக்ஸுக்குள் போய்விடும். அவர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். இத்தனை காலத்தில் முதல் தடவையாக முகங்களைப் பார்த்தார். வார் அறுந்த செருப்போடு வந்து, பயந்து, உசத்தி ஷூவோடு போன ஒருவர் முன்வரிசையில் அதே ஷூவில் உட்கார்ந்து மும்முரமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"நடிக்கல" என்றார். முதலாளியின் கையிலிருந்த மைக்கை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். "நடிக்கலங்க. எனக்குத் தெரியவே இல்ல."

கைதட்டல் அங்கங்கே நொண்டி நின்றது. முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. மைத்துனன் கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தான். வாழ்நாளில் முதல் தடவையாக அவனுக்கு மாமாவைக் கிண்டல் செய்ய ஒன்றும் தோன்றவில்லை.

மனைவி பாதம் அளக்கும் பலகையை இழுத்தாள். "உங்க சைஸ் என்ன?"

"எட்டு" என்றார். கேட்டால் வாய் அதைத்தான் சொல்லும்.

அவர் காலைப் பலகையில் வைத்து, அளவுக் கட்டையை நகர்த்தினாள். அது ஒன்பதரையில் நின்றது. கதவு திறக்கும்போதே காலைப் பார்த்து அளவு சொல்கிற மனிதர் அந்த எண்ணைக் குனிந்து இன்னொரு தடவை படித்தார்.

அவள் கைக்குட்டையால் புண்ணை மூடிக் கட்டினாள். அடுக்கிலிருந்து பத்தாம் நம்பர் அகல ஷூ ஒன்றை எடுத்துவந்தாள். புதுச் சாக்ஸை மாட்டி, ஷூவுக்குள் காலை நுழைத்து, நுனியில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அது அவர் செய்கிற வேலை. ஆயிரக்கணக்கான பேர் முன்னால் மண்டிபோட்டு அவர் அழுத்திய இடம்தான் அது.

"எப்படி இருக்கு? இறுக்கமா, லூசா?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே அவர் காலம் தள்ளியிருக்கிறார். கேட்டவர்கள் சொன்ன பதிலை ஒருநாளும் நம்பியதில்லை. உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று அவரே பதில் சொல்லிவிடுவார்.

"தெரியல" என்றார்.

"சரி, எழுந்திருங்க. இதை டாக்டர்கிட்ட வந்து சொல்லுங்க."

கூட்டம் வழிவிட்டது. தெருமுனைக் கிளினிக் வரைக்கும் அவள் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டே கூட நடந்தாள். அவர் நொண்டவே இல்லை. நொண்டியிருந்தால் எப்போதோ அங்கே போய்ச் சேர்ந்திருப்பார்.