பெரிதாகிப்போன எழுத்துகள்

கணினியைத் தொட்டதும் அது மறுபடியும் கடவுச்சொல் கேட்டது. நேற்றும் கேட்டது, முந்தாநாளும் கேட்டது. முப்பது வருடம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவருக்கு, தன் வீட்டிலேயே தன்னை யார் என்று கேட்கும் அந்தப் பெட்டியின் மேல் பற்றிக்கொண்டு வந்தது. அதோடு விட்டதா? எழுத்தெல்லாம் பெரிதாகியிருந்தது. அம்புக்குறி கட்டைவிரல் பருமனுக்கு வீங்கியிருந்தது. போன வாரம் மாலை நடையிலிருந்து சீக்கிரமே திரும்பியவர், யாரும் கை வைக்காமல் அம்பு தானாக நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தார். பார்வை மங்கிவருவதை யாரிடமும் ஒப்புக்கொள்ளாத மனிதர், இதை மட்டும் நன்றாகவே பார்த்துவிட்டார்.

பழுது பார்ப்பவர் வந்து அரைமணி நேரம் துழாவினார்.

"சார், யாரோ வேற எடத்துலேருந்து இதுக்குள்ள வந்துட்டு, போறப்ப பூட்டிட்டுப் போறாங்க. அதான் பாஸ்வேர்ட் கேக்குது. ஆனா எதையும் எடுக்கல. உங்களுக்கு வசதியாத்தான் செஞ்சு வச்சிருக்காங்க."

"திருட வந்தவன் வீட்டைப் பெருக்கிட்டா போவான்? எல்லா வழியையும் அடைங்க. பாஸ்வேர்டையும் மாத்துங்க. எழுத்தும் பழையபடி இருக்கணும்."

"கொஞ்சம் பொறுங்களேன், நான் ஒண்ணு..." என்று சமையலறையிலிருந்து வந்தாள் மனைவி.

"உனக்கு இதுல என்ன தெரியும்?"

அவள் சமையலறைக்கே திரும்பிப் போனாள். அந்த வீட்டில் எத்தனையோ பேச்சை முடித்துவைத்த கேள்வி அது.

பழுது பார்ப்பவர் போனபின், எறும்பாகிவிட்ட எழுத்துகளை மூக்கு இடிக்கக் குனிந்து அவர் படித்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அது நம்ம பொண்ணுதாங்க. உங்களுக்குக் கண்ணு சரியா தெரியலைன்னு நான்தான் சொன்னேன். நீங்க நடக்கப் போறப்ப கம்ப்யூட்டரைப் போட்டு விடுவேன், அவ அங்கேருந்தே இதுக்குள்ள வந்து பார்ப்பா."

நாள் குறித்த கல்யாணத்தை வேண்டாம் என்ற மகளிடம், இனி இந்த வாசற்படியை மிதிக்காதே என்று இரண்டு வருடத்துக்கு முன் அவர் சொல்லியிருந்தார்.

"வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? அவ மிதிக்கலையே. அப்பாவுக்குத் தெரியும், தெரிஞ்சும் விட்டு வச்சிருக்காருன்னு நெனச்சுக்கிட்டிருந்தா."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குக் கத்தியாவது தப்பித்திருப்பார். பெற்ற பெண்ணை இரண்டாவது தடவையும் வெளியே தள்ளியாயிற்று. இந்தத் தடவை ஆள் வைத்து.

மறுநாள் பழுது பார்ப்பவரைத் திரும்பவும் வரவழைத்தார். அடைத்ததையெல்லாம் திறக்கச் சொன்னதும் அவர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

"எழுத்தையும் பெருசாக்கிடவா சார்?"

"வேணாம். அது அப்படியே இருக்கட்டும்."

மகளின் எண்ணை அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. புதுக் கடவுச்சொல்லை மட்டும், எழுத்து எழுத்தாகத் தடவித் தேடி அனுப்பிவைத்தார். அன்று மாலை அவர் நடக்கப் போகவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையின் மூலையில் மெலிந்த அம்பு ஒன்று அசையாமல் நின்றுகொண்டிருந்தது.