வலது புருவத்தில் தழும்பு

1

இந்தக் கதை ஒரு மஞ்சள் குடையிலிருந்து கிளம்பியது. நாளிதழில் ஒரு கூட்டத்தின் படம். ஒரே குடை, அதே வளைந்த கம்பி, இரண்டு இடத்தில். யாரோ கணினியில் கூட்டத்தைப் பெருக்கியிருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். அந்த ‘யாரோ’ என்னை விடவில்லை.

முதல் வரியை இப்படி எழுதினேன்: தான் ஒரு பொய் சொல்லப்போகிறோம் என்று அவருக்கு அன்று காலையிலேயே —

(வேண்டாம். அது பொய்யாகவே அவருக்குத் தோன்றவில்லை. அங்கேதான் எனக்குக் குழப்பம் ஆரம்பம்.)

2

அலுவலகத்தில் அவருக்குப் ‘பூச்சு’ என்று பெயர். நாளிதழுக்கு வரும் படங்களைத் திருத்துவது வேலை. முகப்பருவின் மேல் பூசுவார், மங்கிய வானத்தின் மேல் பூசுவார். அன்று வந்தது பாலத் திறப்பு விழாப் படம். வலப்பக்கம் முழுக்க வெறும் புல்.

“யாருமே வராத மாதிரி இருக்கு. ஆளப் போடு,” என்றார் ஆசிரியர்.

“எங்கேர்ந்து சார் போடுறது?”

“பழைய படம் எதுலயாவது எடு. நிஜமாவே கூட்டம் வந்துச்சுய்யா! நம்ம ஆளுதான் புல்லைப் பாத்து எடுத்துட்டு வந்திருக்கான், மாடு மேய்க்கப் போனவன் மாதிரி.”

(ஆசிரியர் சொன்னது உண்மை. கூட்டம் வந்திருந்தது. அவரை வில்லனாக்கிப் பார்த்தேன், மனிதர் ஒத்துழைக்கவில்லை.)

3

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இதெல்லாம் பிடிக்கும். முதலில் நிழல். பழைய படத்தில் வெயில் இடப்பக்கமிருந்து அடித்தது, புதியதில் வலப்பக்கமிருந்து. ஆகவே பழைய கூட்டத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திருப்பினார். திருப்பினால் எழுத்துகளும் திரும்பிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். சட்டை சட்டையாகத் தேடி எழுத்துகளை அழித்தார். பிறகு வெட்டிய விளிம்புகளை மென்மையாக்கினார்: தலைமுடிக்கும் புல்லுக்கும் நடுவே வெட்டின கோடு தெரியக் கூடாது. கடைசியாகப் பொடிப்பொடியாகப் புள்ளிகளைத் தூவினார். இரண்டு படமும் ஒரே கேமராவில் எடுத்ததுபோல ஆகிவிட்டது.

சட்டைகளைப் பார்த்தவர் முகங்களைப் பார்க்கவில்லை.

4

மறுநாள் பூச்சின் மேசைக்கு ஒருத்தி வந்தாள். காணாமல்போன ஒருவனின் அக்கா.

(இவள்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. நான் பாதியில் விட்ட வேறொரு கதையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள். அங்கே தங்கை, இங்கே அக்காவாகத் திருப்பிப் போட்டிருக்கிறேன். நிழல் பொருந்துகிறதா?)

நாளிதழில் ஒரு முகத்தின்மேல் விரலை வைத்தாள்.

“என் தம்பிண்ணா. மழைக்காலத்துல வீட்டை விட்டுப் போனவன். உயிரோட இருக்கான், பாருங்க! அம்மா இன்னிக்குத்தான் எழுந்து உக்காந்தாங்க. துறைமுகத்துல தேடிக்கிட்டிருந்த மாமாவையும் பாலத்துப் பக்கம் வரச் சொல்லிட்டேன்.”

பூச்சு திரையில் பழைய படத்தின் தேதியைப் பார்த்தார். அவர் எடுத்துப்போட்ட படம் மழைக்கு முந்தியது.

“ஒண்ணுதான் புரியல. தழும்பு அவனுக்கு இடது புருவத்துல. தையல் போட நான்தான் தூக்கிட்டு ஓடினேன், எனக்குத் தெரியாதா? இதுல வலதுல இருக்கு.” தாளைக் கண்ணுக்குக் கிட்டே தூக்கிப் பார்த்தாள். “செல்போன்ல நம்மள நாமே எடுத்தா மாறித் தெரியுமே, அந்த மாதிரியா?”

5

ஒரு முடிவு: ‘ஆமா’ என்கிறார். அம்மா சாப்பிடுகிறாள். மாமா துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிறார். தம்பி ஒருவேளை துறைமுகத்திலேயே —

இன்னொன்று: உண்மையைச் சொல்கிறார். வேலை போகும், போகட்டும். ஆனால் அம்மா மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து —

(தம்பி நிஜமாகவே அந்த விழாவுக்கு வந்திருந்தான் என்றும் எழுதலாம். ஆளைப் போடுவது எனக்கும் சுலபம்தான். கை வரவில்லை.)

பூச்சின் திரையில் பழைய படம் இன்னும் திறந்தே கிடக்கிறது. திரை அவர் பக்கம் திரும்பியிருக்கிறது. கொஞ்சம் அசைத்தால் அவளுக்கும் தெரியும்.

“சொல்லுங்கண்ணா. அப்படித்தானே?”

“                    ” என்றார் பூச்சு.

அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் எதைப் போட்டாலும் சரி. விளிம்பை மட்டும் மென்மையாக்காதீர்கள்.